நெல்லைக்குக் குடிவந்த பிள்ளைக்கு ஜிம்னாஸ்டிக்ஸ் வகுப்பு: முதலில் மெத்தையைப் பாருங்கள்

வீடு மாறி பாளையங்கோட்டைக்கோ தியாகராஜ நகருக்கோ வந்து, பள்ளிக்கூடமும் முடிவாகி, கேஸ் இணைப்பும் வந்து சேர்ந்தபிறகு எழும் கேள்வி இது: பழைய ஊரில் ஜிம்னாஸ்டிக்ஸ் பழகிக்கொண்டிருந்த பிள்ளையை இங்கே எங்கே சேர்ப்பது? விசாரித்துக்கொண்டு போகும் முதல் வகுப்பிலேயே ஒரு பெரிய பிள்ளை ஓடிவந்து பல்டி அடித்துக் காட்டும். சுவரில் பதக்கங்கள் தொங்கும். பார்த்த மகிழ்ச்சியில் பெற்றோர் பணத்தைக் கட்டிவிடுவார்கள். தயவுசெய்து அன்றைக்கே கட்டாதீர்கள். அந்தப் பல்டி எதன்மேல் வந்து இறங்கியது, தவறியிருந்தால் யாருடைய கை அங்கே இருந்திருக்கும் என்ற இரண்டையும் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். பிள்ளைக்கு முறையாக விழச் சொல்லிக்கொடுக்கிற இடத்தைத்தான் நல்ல வகுப்பு என்று சொல்ல முடியும். குறுக்குத்துறை மண்டபத்திலிருந்து தாமிரபரணிக்குள் பல்டி அடிக்கிற பையன்களைப் பார்த்து வளர்ந்த ஊர் இது. ஆற்றில் தண்ணீர் தாங்கிக்கொள்ளும். ஹாலில் தாங்குவதற்கு மெத்தை மட்டும்தான் இருக்கிறது.

இங்கே விசாரித்தால் பொதுவாக மூன்று விதமான இடங்களைக் காட்டுவார்கள். முதலாவது, கீழே கடை, மேலே ஹால் என்று இருக்கும் மாடி வகுப்பு. கராத்தே, சிலம்பம், டான்ஸ் எல்லாம் நடக்கும் அதே ஹாலில் வாரத்துக்கு இரண்டு மூன்று நாள் ஜிம்னாஸ்டிக்ஸ். 4 முதல் 7 வயதுவரை உள்ள பிள்ளைக்கு இது தாராளமாகப் போதும். குட்டிக்கரணம், கை ஊன்றிப் பக்கவாட்டில் சக்கரம்போல் சுழலும் கார்ட்வீல், சுவரில் கால் சாய்த்துத் தலைகீழாகக் கையில் நிற்கும் ஹேண்ட்ஸ்டாண்டு, முதுகை வில்லாக வளைக்கும் பிரிட்ஜ் இவ்வளவையும் ஒழுங்காகப் பழகவே இரண்டு வருஷம் ஆகும். ஆனால் கார்ட்வீல்போல் சுழன்று இரண்டு காலையும் சேர்த்து இறங்கும் ரவுண்ட்-ஆஃப் அடித்து, பின்னால் கை ஊன்றித் தாவும் ஃபிளிக் வரை வந்துவிட்ட பிள்ளைக்கு மாடி ஹால் போதாது.

இரண்டாவது, பள்ளி வளாகத்தில் சாயங்காலம் நடக்கும் வகுப்பு. கூரை உயரமாக இருக்கும், ஓடிவர நீளம் இருக்கும், சொல்லிக்கொடுப்பவர் பெரும்பாலும் உடற்கல்வி ஆசிரியராக இருப்பார். தேர்வு மாதங்களில் அந்த ஹால் தேர்வுக்குப் போய்விடுமா, வெளிப்பள்ளிப் பிள்ளைகளைச் சேர்ப்பார்களா என்று மட்டும் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். மூன்றாவது, பாளையங்கோட்டை அண்ணா விளையாட்டரங்கம். தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் இடம் இது. இந்தப் பருவத்தில் எந்தெந்த விளையாட்டுக்குப் பயிற்சியாளர் இருக்கிறார் என்பதை அங்குள்ள மாவட்ட விளையாட்டு அலுவலகத்தில் நேரில் போய்க் கேட்பதே சரி. தெருவில் கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். பிள்ளை போட்டிக்குப் போகும் ஆசையில் இருந்தால், மற்ற இரண்டையும் பார்ப்பதற்குமுன் இந்த அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

இனி மெத்தை. போட்டித் தரை என்பது 12 மீட்டருக்கு 12 மீட்டர். பலகைக்கு அடியில் ஸ்பிரிங், பலகைக்கு மேலே ஃபோம், அதற்கும் மேலே கார்ப்பெட். சிறிய ஊர் வகுப்புகளில் இதை எதிர்பார்க்க வேண்டியதில்லை. அங்கே இருப்பது பெரும்பாலும் ஒன்றோடொன்று பல் கோத்துப் போடும் ஈவிஏ என்ற ஃபோம் விரிப்பு, கராத்தே வகுப்பில் பார்க்கும் அதே சிவப்பு நீல விரிப்புதான். தடிமன் 20 முதல் 40 மி.மீ. இருக்கும். உருளவும், கார்ட்வீல் போடவும், கை ஊன்றி நிற்கவும் அது சரிதான். அதன்மேல் மட்டும் நின்றுகொண்டு ஃபிளிக்கோ பல்டியோ பழக்கினால் அந்த வகுப்பு வேண்டாம். பல்டியில் இறங்கும் இடத்தில் குறைந்தது 20 செ.மீ. தடிமனுள்ள தரையிறங்கும் மெத்தை வேண்டும். புதிதாகப் பழகுகிறவர்களுக்கு அதற்கும் மேல் இன்னொன்று.

மெத்தையைச் சோதிக்க ஒரு நிமிடம் போதும். நட்ட நடுவில் ஏறி நின்று ஒரு குதிகாலை மட்டும் பலமாக அழுத்துங்கள். அடித்தரையின் கெட்டித்தனம் குதிகாலுக்குத் தெரிந்தால் உள்ளே இருக்கும் ஃபோம் செத்துவிட்டது என்று பொருள். ஓரத்தில் கெட்டியாகவும் நடுவில் குழியாகவும் இருக்கும் மெத்தைதான் எல்லாவற்றிலும் மோசம், ஏனென்றால் எல்லாப் பிள்ளைகளும் நடுவில்தான் இறங்குகிறார்கள். அடுத்து இணைப்பைப் பாருங்கள். இரண்டு மெத்தைகளுக்கு நடுவே ஒரு விரல் நுழையும் இடைவெளி இருந்தால் ஒரு பாதமும் நுழையும். கணுக்கால் மடங்குவது இப்படிப்பட்ட இடைவெளியில்தான். நல்ல வகுப்பில் வெல்க்ரோ ஒட்டியிருப்பார்கள், இல்லையென்றால் இணைப்பின்மேல் இன்னொரு விரிப்பைப் போட்டு மூடியிருப்பார்கள். ரெக்சின் உறை கிழிந்து செலோடேப் ஒட்டியிருப்பது பெரிய குற்றம் இல்லை. உள்ளே ஃபோம் நன்றாக இருந்தால் போதும். பார்வைக்கு அழகாக இருக்கிறதா என்று பார்ப்பதைவிட அழுத்திப் பார்ப்பது நல்லது.

நெல்லையில் இன்னொரு கேள்வியும் கேட்க வேண்டும்: 2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்தில் இந்த மெத்தைகள் எங்கே இருந்தன? தரைத்தளத்தில், அதுவும் ஆற்றை ஒட்டிய பகுதியில் நடக்கும் வகுப்பாக இருந்தால் இதைக் கூச்சப்படாமல் கேளுங்கள். தண்ணீர் குடித்த ஃபோம் வெளியே காய்ந்தமாதிரி தெரியும், உள்ளே ஈரம் நிற்கும், பூஞ்சை பிடிக்கும், பிறகு கட்டி கட்டியாக இறுகும். உறையின் ஜிப்பைக் கொஞ்சம் திறந்து மோந்து பார்த்தாலே தெரிந்துவிடும். மாற்றிவிட்டோம் என்று ஒரு பயிற்சியாளர் தயங்காமல் சொல்லி, புது மெத்தையைக் காட்டினார் என்றால் அவரை நம்பலாம்.

காற்றடைத்த நீள மெத்தை, ஏர் டிராக் என்பார்களே, அதையும் சில இடங்களில் போட்டிருப்பார்கள். நல்ல பொருள்தான். இதில் இரண்டு விதம் உண்டு. ஒருமுறை அடைத்து மூடிவிடுவது ஒன்று. ஊதி ஓடிக்கொண்டே இருந்தால்தான் நிற்பது மற்றொன்று. இரண்டாவது வகையில் கரண்ட் போனால் மெத்தை தணிந்துவிடும். பிள்ளை நடு ஓட்டத்தில் இருக்கும்போது அப்படி ஆவது ஆபத்து. இன்வெர்ட்டரில் இணைத்திருக்கிறார்களா என்று கேளுங்கள். முதல் வகையில் காற்றுக் குறைந்திருந்தால் குதிக்கும்போது குதிகால் தரையைத் தொடும். பெரிய பிள்ளை ஒன்று குதிக்கும்போது பக்கத்தில் குனிந்து பார்த்தால் போதும்.

தலைக்கு மேலேயும் பாருங்கள். வாடகைக்கு எடுத்த மாடி ஹாலில் கூரை 10, 11 அடிதான் இருக்கும். அதிலிருந்து சீலிங் ஃபேன் ஒன்றரை அடி இறங்கியிருக்கும். அந்த ஃபேனுக்கு அடியில் டிராம்போலின் போட்டிருந்தால் வேறு எதையும் பார்க்க வேண்டாம், திரும்பி வந்துவிடுங்கள். ஃபேன் சுவரில் இருக்க வேண்டும். டிராம்போலினில் ஒரு நேரத்தில் ஒரு பிள்ளைதான் ஏற வேண்டும். இரண்டு பேர் ஏறினால் கனமான பிள்ளை இறங்கும்போது லேசான பிள்ளை தானாகவே தூக்கி எறியப்படும். ஸ்பிரிங்கை மூடும் பஞ்சுப்பட்டை சுற்றிலும் விலகாமல் இருக்கிறதா என்றும் பாருங்கள். மேலே தகர ஷீட் போட்ட மாடி என்றால் ஏப்ரல், மே மாதங்களில் சாயங்காலம் 4 மணி வகுப்பு அடுப்புக்குள் இருப்பதற்குச் சமம். காலை 6 மணி அல்லது மாலை 5.30-க்கு மேல் உள்ள வகுப்பைக் கேட்டு வாங்குங்கள்.

பிள்ளைகள் தொங்கிச் சுழலும் கம்பி விஷயத்தில் இந்தப் பக்கம் நிறைய இடங்களில் நடக்கும் தவறு ஒன்று உண்டு. உள்ளூர் வெல்டிங் பட்டறையில் ஜிஐ பைப்பைக் கொடுத்து கம்பி செய்துவிடுவார்கள். செலவைப் பார்த்தால் அது நியாயமான யோசனைதான். தவறு பைப்பின் அளவில் வருகிறது. போட்டியில் பெண்களுக்கான ஏற்ற இறக்கக் கம்பியின் விட்டம் 40 மி.மீ., ஆண்களுக்கான உயரக் கம்பி 28 மி.மீ. பட்டறையில் ஒன்றரை இஞ்ச் பைப் என்று கேட்டு வாங்கினால் வெளிவிட்டம் ஏறக்குறைய 48 மி.மீ. வந்துவிடும். ஏழு வயதுப் பிள்ளையின் விரல் அதைச் சுற்றி வராது, கட்டைவிரல் மறுபக்கம் பிடிக்காது. பிடி நழுவுவது இதனால்தான், பிள்ளைக்குக் கைவலு இல்லாததால் இல்லை. ஒரு இஞ்ச் பைப்பின் வெளிவிட்டம் சுமார் 34 மி.மீ. சின்னக் கைக்கு அது பொருந்தும். உங்கள் பிள்ளையைக் கம்பியைப் பிடிக்கச் சொல்லிப் பாருங்கள்: கட்டைவிரல் ஆள்காட்டி விரல் நுனியை ஒட்டியாவது வர வேண்டும். பிறகு கம்பியின் காலை ஆட்டிப் பாருங்கள். தரையில் ஆங்கர் போல்ட்டோ, நாலு பக்கமும் இழுத்துக் கட்டிய கேபிளோ இருக்க வேண்டும். மணல் மூட்டையை வைத்துச் சமாளித்திருந்தால் தொங்குவதற்கு மட்டும் சரி, சுழல்வதற்கு ஆகாது. கைக்குப் பூசும் வெள்ளைப் பொடி மக்னீசியம் கார்பனேட்டாக இருக்க வேண்டும். முகப் பவுடரைப் பூசினால் வழுக்கும்.

மேலே நடந்து பழகும் ஒடுங்கிய கட்டையான பீம் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. போட்டி அளவு 5 மீட்டர் நீளம், 10 செ.மீ. அகலம், 125 செ.மீ. உயரம். பழகுகிறவர்களுக்குத் தரையோடு தரையாகக் கிடக்கும் பீம் போதும், அகலம் மட்டும் அதே 10 செ.மீ. இருந்தால் நல்லது. ஓடிவந்து கை ஊன்றித் தாண்டும் மேடையான வால்ட்டில் ஒன்றைக் கவனியுங்கள்: ஒவ்வொரு பிள்ளைக்கும் உயரத்தை மாற்றும்போது பயிற்சியாளர் தானே சரிபார்க்கிறாரா? 2000-ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் பெண்களின் ஒட்டுமொத்தப் போட்டியில் வால்ட் 5 செ.மீ. தாழ்வாக வைக்கப்பட்டிருந்தது. உலகின் தேர்ந்த வீராங்கனைகளே அடுத்தடுத்து விழுந்தார்கள். ஆஸ்திரேலிய வீராங்கனை ஒருவர் சந்தேகப்பட்டுச் சொன்னபிறகுதான் அளந்து பார்த்தார்கள். அந்தத் திறமைசாலிகளுக்கே 5 செ.மீ. உயரம் அவ்வளவு வித்தியாசத்தைத் தந்தது என்றால் எட்டு வயதுப் பிள்ளைக்கு எவ்வளவு தரும்!

பயிற்சியாளரைப் பற்றிக் கேட்கும்போது சான்றிதழையும் கேளுங்கள். பாட்டியாலாவில் உள்ள தேசிய விளையாட்டு நிறுவனத்தின் பயிற்சியாளர் டிப்ளமோ, அல்லது ஜிம்னாஸ்டிக்ஸை எடுத்துப் படித்த உடற்கல்விப் பட்டம் இருந்தால் நல்ல அடித்தளம். இருந்தாலும் காகிதத்தைவிட அவர் கையைப் பார்ப்பதே மேல். ஃபிளிக் பழக்கும்போது ஒரு கை பிள்ளையின் இடுப்புக்குப் பின்னாலும், மறு கை தொடைக்குப் பின்னாலும் இருக்க வேண்டும். பிள்ளை தாவுவதற்கு முன்பே கை அங்கே போயிருக்க வேண்டும். தாவியபிறகு பிடிக்கப் போகிறவர் பிடிக்க மாட்டார். கார்ட்வீலுக்குப் பிள்ளையின் முதுகுப் பக்கம் நின்று இடுப்பைப் பிடிப்பார்கள், முன்பக்கம் நின்றால் கால் முகத்தில் அடிக்கும். பிள்ளை சுற்றும்போது பயிற்சியாளர் போனைப் பார்த்தாரென்றால் அங்கேயே முடிவு சொல்லிவிடலாம்.

உடம்பு வளைப்பதில் ஒரு கொடுமை இன்னும் ஒழியவில்லை. இரண்டு காலையும் எதிரெதிராக நீட்டி ஸ்பிளிட்டில் உட்கார்ந்த பிள்ளையின் தோளை அமுக்குவது, முதுகில் ஏறி உட்காருவது, அழுதாலும் விடாமல் எண்ணுவது. இதைச் செய்யும் வகுப்பில் எவ்வளவு பதக்கம் இருந்தாலும் சேர்க்காதீர்கள். அழும் பிள்ளையின் தசை இறுகும், இறுகிய தசையை இழுத்தால் கிழியும். நல்ல பயிற்சியாளர் முதலில் உடம்பைச் சூடேற்றி, பிள்ளை தானே இறங்க, 30 விநாடி பொறுத்து, மூச்சு விடச் சொல்வார். தொடைக்கு அடியில் ஒரு கட்டையோ மடித்த விரிப்போ வைத்து, வாரத்துக்கு வாரம் அதன் உயரத்தைக் குறைத்துக்கொண்டு வருவார்.

வேறு ஊரில் பழகிவந்த பிள்ளைக்கு இங்கே முதல் மூன்று வாரம் இரண்டு படி கீழிருந்து தொடங்கச் சொல்லுங்கள். பிள்ளை முகத்தைச் சுளிக்கும், “எனக்கு இதெல்லாம் தெரியும்” என்று சொல்லும். விட்டுக்கொடுக்காதீர்கள். ஸ்பிரிங் தரையில் பழகிய பிள்ளையின் கால் அந்தத் தரை திருப்பித் தரும் உந்துதலைக் கணக்கில் வைத்தே தாவும். அதே தாவலை ஈவிஏ விரிப்பில் தாவினால் உயரம் குறையும், சுற்று முடிவதற்குள் தரை வந்துவிடும். ஃபிளிக்கில் தலை அடிபடுவதும், மணிக்கட்டு மடங்குவதும் இப்படித்தான். வீடு மாறிய இரண்டு மூன்று மாதத்தில் பிள்ளை உயரமாகியும் இருக்கும், கைவலு குறைந்தும் இருக்கும். பழைய பயிற்சியாளரிடம் ஒரு பக்கத்துக்கு எழுதி வாங்கி வாருங்கள்: எவற்றைத் தனியாகச் செய்கிறது, எவற்றைப் பிடித்துவிட்டால் செய்கிறது, கார்ட்வீலுக்கு எந்தக் கை முதலில் போகும், முன்பு எங்கே அடிபட்டது. புதிய பயிற்சியாளர் அதைப் படித்துவிட்டு, எதற்கும் முதலிலிருந்து பார்ப்போம் என்று சொன்னால் நல்ல அடையாளம். முதல் நாளே பல்டி அடித்துக் காட்டச் சொன்னால் கெட்ட அடையாளம்.

அவசரமும் இல்லை. ஒலிம்பிக்கில் பெண்கள் பிரிவில் கலந்துகொள்ள அந்த ஆண்டில் 16 வயது ஆக வேண்டும். 2016 ரியோவில் வால்ட்டில் நான்காவது இடம் பிடித்த தீபா கர்மாகர் அகர்தலாவில் பழகியவர். பழகத் தொடங்கும்போது அவருக்குத் தட்டைப் பாதம் இருந்தது, அதைச் சரிசெய்துகொண்டுதான் மேலே போனார். ஊர் சின்னது என்று பிள்ளையிடம் வருத்தப்பட்டுப் பேசாதீர்கள்.

உடையில் நம் வீடுகளுக்கென்று சில விஷயங்கள் உண்டு. தொளதொள டி-ஷர்ட் ஹேண்ட்ஸ்டாண்டில் முகத்தை மூடிவிடும், உள்ளே சொருகிவிடுங்கள். ஜிம்னாஸ்டிக்ஸ் போட்டி உடையான லியோடார்ட் வேண்டாம் என்றால் உடம்போடு ஒட்டிய பனியனும் ஷார்ட்ஸும் போதும். கொலுசு, சங்கிலி, தொங்கும் கம்மல் கழற்ற வேண்டும். அரைஞாண் கயிறை மறந்துவிடுவோம்: கம்பியில் இடுப்பை வைத்துச் சுற்றும்போது அது தோலில் பதிந்து புண்ணாக்கும், வெள்ளி அரைஞாண் என்றால் இன்னும் மோசம். ஒற்றை ஜடையைப் பின்மண்டையில் கொண்டையாகப் போட்டால் குட்டிக்கரணம் உருளாது. இரட்டை ஜடை போட்டு மடித்துக் கட்டுவதுதான் வசதி.

வலியை மூன்று இடத்தில் கவனமாகக் கேளுங்கள். கை ஊன்றும்போது மணிக்கட்டு வலி, 8 முதல் 13 வயதுக்குள் வரும் குதிகால் வலி, பின்னால் வளையும்போது அடிமுதுகு வலி. முதல் இரண்டும் பெரும்பாலும் எலும்பு வளரும் இடத்தில் சுமை கூடுவதால் வருவது. ஓய்வு கொடுத்தால் ஆறும். அடிமுதுகு வலி இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் எலும்பு மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். எண்ணெய் போட்டு நீவி சுளுக்கு எடுக்கிற பழக்கம் நம் பக்கம் உண்டு. பிள்ளையின் மணிக்கட்டில் அதைச் செய்ய வேண்டாம், வளரும் எலும்பில் விரிசல் இருந்தால் நீவுவது அதைக் கூட்டும். தலையோ கழுத்தோ அடிபட விழுந்தால் என்ன செய்வீர்கள் என்று வகுப்பில் கேளுங்கள். தூக்காமல், அசைக்காமல் 108-ஐக் கூப்பிடுவோம் என்ற பதில் வர வேண்டும். ஐகிரவுண்டு பெரியாஸ்பத்திரி (அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை) எத்தனை நிமிடத் தொலைவு என்பதை அவர்கள் யோசிக்காமல் சொன்னால் இன்னும் நல்லது.

பெற்றோர் உட்கார்ந்து பார்க்க இடம் இருக்க வேண்டும். உள்ளே வரக் கூடாது என்பது நியாயம், பார்க்கவே கூடாது என்பது நியாயம் இல்லை. இந்த விளையாட்டில் தொட்டுத்தான் சொல்லிக்கொடுக்க முடியும். அதனாலேயே எங்கே, எதற்குத் தொடுகிறேன் என்று பிள்ளையிடம் சொல்லிவிட்டுத் தொடும் பயிற்சியாளரைத் தேடுங்கள். கழிப்பறையும் உடை மாற்றும் இடமும் தனியாகப் பூட்டக் கூடியதாக இருக்கிறதா என்றும் பாருங்கள்.

கட்டணத்தை மாதாமாதம் கட்டும் இடமே நல்லது. ஒரு வருஷத்துக்கு மொத்தமாகக் கட்டச் சொன்னால் மூன்று மாதமாக மாற்றச் சொல்லிக் கேளுங்கள். மே மாதச் சம்மர் கேம்ப்பைப் பார்த்து வகுப்பை எடைபோடாதீர்கள். அப்போது கூட்டம் அலைமோதும். ஜூலையில் போய்ப் பாருங்கள். ஒரு பயிற்சியாளருக்கு எட்டுப் பிள்ளைகள் என்பது சரியான எண்ணிக்கை, பன்னிரண்டு ஆகிவிட்டால் பிள்ளை வரிசையில் நிற்பதற்குத்தான் பணம். சோதனை வகுப்பில் உட்கார்ந்து எண்ணுங்கள்: ஒரு மணி நேரத்தில் உங்கள் பிள்ளைக்கு இருபது முறையாவது வாய்ப்பு வந்ததா? வீட்டிலிருந்து தூரமும் முக்கியம். பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் முருகன்குறிச்சியைத் தாண்டுவதே அரைமணி ஆகும் என்றால் வாரம் மூன்று நாள் நடக்காது. பேட்டையில் குடியிருந்துகொண்டு கேடிசி நகரில் சேர்க்கும் முன் ஒரு நாள் அதே நேரத்தில் வண்டியில் போய்ப் பார்த்துவிடுங்கள்.

சோதனை வகுப்பு முடிந்து வீட்டுக்கு வந்ததும் பிள்ளையிடம், “இன்னைக்கு எப்படி விழணும்னு சொல்லித் தந்தாங்க? செஞ்சு காட்டு பார்ப்போம்” என்று கட்டில் மெத்தைக்கு முன்னால் நிறுத்திக் கேளுங்கள். பின்னால் சாயும்போது கையை முதுகுக்குப் பின்னால் விறைப்பாக ஊன்றினால் (சிறு பிள்ளைகளின் முழங்கை முறிவது இந்தக் கோணத்தில்தான்), அந்த வகுப்பில் இன்னும் சொல்லித் தரவில்லை. முழங்காலை மடக்கி, தாடையை நெஞ்சில் ஒட்டி, கையை முன்னால் கட்டிக்கொண்டு, முதுகை வளைத்து உருண்டு விழுந்தால் மறுநாளே போய்ப் பணத்தைக் கட்டிவிடலாம்.